பளபளத்தது, படியவில்லை

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் எவர்சில்வர் பாத்திரங்களுக்குப் பாலிஷ் போடுவது என் வேலை. எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. சுழலும் துணிச்சக்கரத்தில் பிடித்து எடுத்த குடத்தின் முன்னால் ஈ என்று இளிக்க வேண்டும். பல் பளிச்சென்று தெரிந்தால்தான் அது அடுத்த மேசைக்குப் போகும். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் எங்களைப் பார்த்து முதலில் பயந்துதான் போவார்கள்.

என் கணவர் வீட்டிலேயே கல்யாண வீடியோ எடிட் செய்கிறார். போன கோடையில் அவருடைய கம்ப்யூட்டர் படுத்த ஆரம்பித்தது. வேலையெல்லாம் முடித்து, முழு வீடியோவாகச் சேர்க்கப் போட்டால் பாதியிலேயே சூடாகி அணைந்துவிடும். பழவேற்காட்டுக் கல்யாணம் ஒன்று கையில் இருந்தது. மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை. புதுப் பெண்டாட்டியை விட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறார். வீடியோவாவது கூட வரட்டும் என்று தினமும் போன் செய்துகொண்டிருந்தார்.

கழற்றிப் பார்த்தால் ஹீட்சிங்க்கின் அடிப்பக்கம் சொரசொரவென்று இருந்தது. ப்ராசஸர் மேல் உட்கார்ந்து அதன் சூட்டை வாங்க வேண்டிய செம்புக்கட்டி அது. சரியாகப் படியவில்லை, தேய்க்க வேண்டும் என்றார் என் கணவர். தேய்ப்பதைப் பற்றி என்னிடமா சொல்வது? பிடுங்கி டிபன் பையில் போட்டுக்கொண்டேன்.

சனிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் மேஸ்திரியிடம் சொல்லிவிட்டுச் சக்கரத்தில் பிடித்தேன். தகதகவென்று மின்னியது. ஆளாளுக்கு வந்து அதில் இளித்துவிட்டுப் போனார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

சாயங்காலம் மாட்டினோம். முன்பு பாதிவரையாவது போனது. இப்போது ஆரம்பித்ததுமே அணைந்தது.

"இன்னாமே பண்ணி வச்சிக்கீற?" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கம்ப்யூட்டரைத் திட்டினேன், விற்ற கடைக்காரனைத் திட்டினேன். என் வேலையில் குறையில்லை என்று காட்டுவதற்காக நானே அதைக் கழற்றி, ஸ்டீல் ஸ்கேலைச் செம்பின் மேல் நிறுத்தி வெளிச்சத்தில் பிடித்தேன். நடுவில் மட்டும் ஒட்டியது. ஓரங்களில் வெளிச்சம் தாராளமாக வந்தது. சக்கரம் ஓரங்களைத் தின்று கட்டியை வளைத்துவிட்டிருந்தது. குடத்துக்கு அது அழகு, முழுசாக ஒட்டி உட்கார வேண்டிய இதற்கு வினை.

மறுநாள் காலை, மேடுபள்ளம் இல்லாத பரப்பு வேண்டும் என்று பீரோக் கண்ணாடியைக் கழற்றித் தரையில் போட்டு, அதன்மேல் உப்புத்தாளை ஒட்டினோம். செம்பின் அடியில் ஸ்கெட்ச் பேனாவால் கோடு கிழித்துத் தேய்த்தால் மேட்டில் உள்ள மை அழியும், பள்ளத்தில் தங்கும். பழக்கதோஷத்தில் நான் அழுத்த, அவர் என் கையைத் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் மூலைகளிலும் மை அழிந்தது. ஆனால் செம்பு அழுது வடிந்தது. ஒரே ஒரு தரம் சக்கரத்தில் காட்ட எனக்குக் கை அரித்தது. அவர் விடவில்லை, அப்படியே மாட்டி வீடியோவைச் சேர்க்கப் போட்டார்.

மதியம் மாப்பிள்ளை பெட்டியும் கையுமாக வந்து உட்கார்ந்தபோது, திரையில் பாதிதான் முடிந்திருந்தது. வழக்கமாக அணையும் இடம். மூன்று பேரும் திரைக்குப் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தோம். அதையும் தாண்டி, மெதுவாக ஊர்ந்து, முழுசாக முடிந்தது.

வீடியோ ஏற்றிய பென் டிரைவை மாப்பிள்ளை வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்து, மேலே கையால் பொத்திக்கொண்டார்.

"கடலுக்குள்ள போய்ட்டா போன் கெடைக்காதுக்கா. அவ மொகத்தப் பாக்கணும்னா இதான் கீது எனக்கு" என்றார்.

மங்கிய செம்பை நினைத்துக் காலையிலிருந்து மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்த நான், ஆட்டோ தெரு திரும்பும் வரை வாசலில் நின்று கையாட்டினேன்.