இரண்டு முனைக்கும் உருளை

எழுபதுகளின் நடுவில் தர்மபுரியில் இளநிலைப் பொறியாளராக வேலைக்குச் சேர்ந்தேன். அலுவலகத்தில் நான் ஒருத்திதான் பெண். பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு காட்டாற்றுக்குச் சின்னதாக இரும்பு நடைபாலம் போட வேண்டும். கம்ப்யூட்டரில் கணக்குப் பார்க்கலாம் என்று நான்தான் அடம்பிடித்தேன். பாலத்தின் விவரங்களைத் துளைகளாகப் போட்ட அட்டைகளை மெட்ராஸுக்கு அனுப்பி, இரண்டு வாரம் கழித்து மொரப்பூர் ஸ்டேஷனில் பார்சலைப் பிரித்தால், எண்களே இல்லை. 'அமைப்பு நிலையற்றது' என்று இங்கிலீஷில் ஒரே வரி. வந்த ஆத்திரத்தில் அதை அங்கேயே கிழித்திருப்பேன்.

"கையில போட்ட கணக்கு சுத்தமா வருதும்மா. உங்க மெஷினுக்குத்தான் கிறுக்கு. சனிக்கிழமைக்குள்ள காரணம் சொல்லுங்க, இல்லாட்டி டிரேசிங் டேபிளுக்குப் போயிடுங்க" என்றார் மேலதிகாரி. பாலத்தின் வரைபடம் அவருடையது. டிரேசிங் என்றால் நாள் முழுக்க அடுத்தவர் வரைந்ததை நகலெடுப்பது. அதற்கா படித்தேன்?

அட்டைகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். பிழை இல்லை. பாலத்தின் முனைகள் எதன்மேல் உட்காருகின்றன என்று சொல்லும் கடைசி இரண்டு அட்டைகளில் கை நின்றது. எங்கள் ஊர் வெயிலில் இரும்பு நீண்டு சுவரைப் பிளந்துவிடும் என்று பயந்து, ஒரு முனைக்கு அடியில் மட்டும் வைத்தால் போதுமான உருளையை அவர் இரண்டு முனைக்கும் வைத்திருந்தார். கைக்கணக்கில் பாரமெல்லாம் நேர் கீழேதான் அமுக்கியது. நீளவாக்கில் தள்ளினால் யார் பிடிப்பது என்று அது கேட்கவே இல்லை. மெஷின் கேட்டிருக்கிறது. பாலம் உடையும் என்று அது சொல்லவில்லை, ஓடும் என்று சொல்லியிருக்கிறது!

அதற்குள் காண்டிராக்டர் அவசரப்பட்டுப் பாலத்தைக் கோர்த்து முடித்திருந்தார். சனிக்கிழமை காலை அது ஆற்றங்கரையில், பலகை மேல் போட்ட இரண்டு இரும்புக் குழாய்களில், முட்டுக்கல்லோடு நின்றது. மேலதிகாரி மறுமுனைக்கு எதிரே வந்து நின்றார். கல்லை எடுக்கச் சொன்னேன்.

"எடுத்தா ஓடிடுங்க மேடம்" என்றார் மேஸ்திரி.

"அதைத்தான் சார் பாக்கணும்."

கல்லை எடுத்தார்கள். இரண்டு கையாலும் ஒரு தள்ளு தள்ளினேன். பாலம் முனகிக்கொண்டு அவரை நோக்கி நகர்ந்தது.

"புடிங்க, புடிங்க!" என்று அவர் பின்னால் துள்ளினார். ஆட்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு பிடித்தார்கள்.

மேலதிகாரி ஜீப் மேல் வரைபடத்தை விரித்து, ஒரு முனை உருளையை அடித்துவிட்டு, அங்கே போல்ட் வரைந்தார். வடிவமைத்தவர் என்ற கட்டத்தில் தன் பெயரையும் அடித்து, என் பெயரை எழுதி, பேனாவை நீட்டினார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கட்டத்தைத் தாண்டி வெளியே வரும் அளவுக்குப் பெரிதாகக் கையெழுத்துப் போட்டேன்.