அடித்துவிட்டு நின்றவன்

அப்பாவுக்குப் பேஸ்பால் என்றால் என்னவென்றே தெரியாது. தெரியாத விஷயங்களில்தான் அவருக்கு எப்போதும் உறுதி அதிகம்.

எழுபதுகளின் நடுவில், குவைத்தில், பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்புக்கு நான் போகவிருந்த கோடை அது. என் கணக்கு மார்க்கை வைத்துக்கொண்டு மெட்ராஸில் எந்த இன்ஜினியரிங் காலேஜ் வாசலையும் மிதிக்க முடியாது. குவைத்திலோ எங்களைப் போன்றவர்களுக்கு மேல்படிப்புக்கு வழியில்லை. பேஸ்பால் நன்றாக விளையாடும் பையன்களை அமெரிக்கக் காலேஜ்களில் ஃபீஸ் வாங்காமல் சேர்த்துக்கொள்கிறார்கள் என்று ஆபீஸில் யாரோ அப்பாவிடம் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை.

அந்தக் கோடையில் இரண்டு டீம்களில் ஆள் எடுத்தார்கள். ஒன்று நாங்கள் குடியிருந்த ஃபர்வானியாவிலேயே இருந்தது. லெபனான், பாலஸ்தீனப் பையன்களும் இரண்டு கோவாக்காரர்களும். ஆள் பற்றாததால் போனவனையெல்லாம் ஆடவிட்டார்கள். மற்றது அமெரிக்க இன்ஜினியர்களின் காலனி டீம். அதன் கோச்சுடைய மச்சினர் ஏதோ ஒரு அமெரிக்கக் காலேஜில் பேஸ்பால் கோச்சாம். கடைசி மேட்ச்சுக்கு வரப்போகிறாராம்.

"ஃபர்வானியா டீம்னா எல்லா மேட்ச்சும் ஆடலாம்ப்பா."

"ஆடி என்னடா பண்ணப்போறே? பாக்கறவன் எங்க வர்றானோ அங்கதான் நாம இருக்கணும்."

தன் அமெரிக்க மேனேஜரைப் பிடித்து, அவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, காலனி டீமில் என்னை நுழைத்துவிட்டார்.

கோடை முழுக்க அங்கே பெஞ்சைத் தேய்த்தேன். வெயில் தாழ்ந்த பிறகுதான் மேட்ச். அப்போதும் காற்று அடுப்படியில் இருந்து வருவதுபோல் வரும். கோச் தங்கமான மனிதர். ஒவ்வொரு முறையும் என் தோளைத் தட்டி, "நெக்ஸ்ட் டைம்" என்பார். அந்த வார்த்தையைக் கேட்டால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. டியூட்டி முடிந்ததும் அப்பா நேரே வந்து வேலிக்கு அந்தப் பக்கம் நிற்பார். சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். நான் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க அவ்வளவு தூரம் பஸ்ஸில் வருவார், பாவம். லீவு நாளான வெள்ளிக்கிழமைகளில் நம் ஆட்களோடு கிரிக்கெட் ஆடித்தான் நான் கை அரிப்பைத் தீர்த்துக்கொண்டேன்.

கடைசி மேட்ச் ஃபர்வானியா டீமோடு. கோச்சின் மச்சினரும் வந்திருந்தார். எங்கள் டீமில் சிலர் லீவில் ஊருக்குப் போய்விட்டதால் கோச் என்னைக் கூப்பிட்டார். மட்டையைப் பிடித்து நின்றேன். பந்து வந்தது. அடித்தேன். பட்டதே பெரிய விஷயம். ஆனால் பந்து தரையோடு உருண்டு நேராக ஒரு பையனிடம் போனது. ரன் இல்லை என்று மட்டையைத் தரையில் ஒரு தட்டு தட்டி, அடுத்த பந்துக்குத் தயாராக நின்றேன்.

கிரிக்கெட்டில் அது புத்திசாலித்தனம். பேஸ்பாலில் அடித்த பந்து கோட்டுக்குள் விழுந்தால் ஓடியே ஆகவேண்டும். அது எனக்குத் தெரியும். என் காலுக்குத்தான் தெரியவில்லை. "யல்லா! யல்லா!" என்று அரபியில் ஓடச்சொல்லிக் கத்தினார்கள். கத்தியது எங்கள் டீம் இல்லை. எதிர் டீம் பையன்கள், பொறுக்கமாட்டாமல். நான் ஓடத் தொடங்குவதற்குள் பந்தை எறிந்து அவுட் ஆக்கிவிட்டார்கள். மச்சினர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

மேட்ச் முடிந்ததும் ஃபர்வானியா டீமில் பந்து வீசிய பாலஸ்தீனப் பையனோடு அவர் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். அப்பா பக்கத்தில் போய்க் கைக்குட்டையைக் கசக்கியபடி நின்றார், பேச்சு நடுவே ஒரு இடைவெளி கிடைக்கும் என்று. கிடைக்கவில்லை. அவர்கள் இருவரும் பேசிக்கொண்டே காரை நோக்கிப் போய்விட்டார்கள்.

திரும்பும் பஸ்ஸில் திட்டு விழும் என்று காத்திருந்தேன். விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பாதி வழிவரை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தவர் என் பக்கம் திரும்பினார்.

"இனிமே என்னடா பண்றது?"

அப்பா என்னிடம் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை. அவர் முகத்தைப் பார்த்தேன். நிஜமாகவே கேட்கிறார் என்று புரிந்தபோது எனக்குப் பயமாக இருந்தது.