சின்னப்பையனின் நாக்கு

இலையைத் திருப்பி அடிப்பக்கம் பார்க்கிறார். கட்டைவிரலால் ஒரு தேய்ப்பு. விரலை முகர்ந்துவிட்டு, தொட்டி மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துக்கொள்கிறார். கண்ணை மூடிக் கொஞ்சம் மென்று, சுவரோரம் துப்புகிறார். பிறகுதான் பேச்சு. "தண்ணி நிக்குது சார். அடியில ஓட்ட அடைச்சிக்கினு கீது." தொட்டியைச் சாய்த்துப் பார்த்தால் அடைத்துக்கொண்டுதான் இருக்கும்.

பெயர் சின்னப்பையன். தலை முழுக்க வெள்ளை. ராயபுரத்தில் அழகுக்காகத் தொட்டியில் மரம் வளர்க்கும் வீடுகளுக்கெல்லாம் இவர்தான் வைத்தியர். ஒரு பக்கம் துறைமுகத்துக் கரித்தூள், ஒரு பக்கம் உப்புக் காற்று. இந்த ஊரில் மனிதன் தழைப்பதே பெரும்பாடு, மரம் வேறு கேடா என்று ஒருநாள் கேட்டேன். "நீ இன்னாத்துக்கு சொக்காய்க்கு இஸ்திரி போட்டுக்கினு போற?" என்றார். 

இலையின் ஓரம் கருகினால், கரிப்புகையா உப்பா என்று கண்ணுக்குத் தெரியாதாம். நாக்குதான் சொல்லவேண்டும். கரி என்றால் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் பழைய வேட்டியை நனைத்து இலை இலையாகத் துடைப்பார். உப்பு என்றால் மரத்தை வேரோடு தூக்கி, மண்ணை உதறிவிட்டுப் புதுச் செம்மண்ணில் நடுவார். வெள்ளையாகப் பூச்சி அப்பியிருந்தால் புகையிலைச் சாறு. ஊறப்போடும்போதே ஒரு துண்டு அவர் கன்னத்துக்குள் போய்விடும். "பூச்சிக்கு பாதி, எனுக்குப் பாதி." அந்தக் கன்னம் காலியாக இருந்து நான் பார்த்ததில்லை.

அழுகிய கிளையிடம் அவருக்கு இரக்கம் கிடையாது. வீட்டுக்காரர் ஐயோ என்பதற்குள் இடுப்புக் கத்தி வேலையை முடித்திருக்கும். "பாவம் பாத்தா மொத்தமும் பூடும்" என்பார். போகிற வீட்டிலெல்லாம் இன்னொரு உபதேசமும் உண்டு. "மீனு அலம்புன தண்ணியக் கொட்டாதம்மா. மரத்துக்கு ஊத்து, கொழுகொழுன்னு வரும்." வரத்தான் செய்தது. அது தெரு வழக்கமாகவே ஆகிவிட்டது.

எங்கள் எதிர்வீட்டு டோரதி அம்மாள் ரயில்வே கார்டின் விதவை. கணவர் பெங்களூரிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்த ரப்பர் மரம் ஒன்று அவர் வராந்தாவில் ஆளுயரம் வளர்ந்திருந்தது. போன ஐப்பசியில் கடல் கொந்தளித்துக் கட்டுமரம் எதுவும் இறங்கவில்லை. மீன் இல்லாததால் வீட்டுக்கு வீடு கருவாடு. சமையல் செய்யும் பூவம்மா, கருவாடு ஊறிய தண்ணீரையும் பழக்க தோஷத்தில் மரத்துக்கே ஊற்றி வந்திருக்கிறார். இலைகளின் ஓரம் கருகத் தொடங்கியது.

சின்னப்பையன் வந்தார். மண்ணை நாக்கில் வைத்தார். வழக்கத்தைவிட அதிக நேரம் மென்றார். "உப்பு இல்ல தொரசானி. கரிதான்." இலைகளைத் துடைத்துப் பளபளவென்று ஆக்கிவிட்டு, போகும்போது பூவம்மாவிடம், "தெம்பு வரட்டும், மீன் தண்ணிய இன்னும் கொஞ்சம் சேத்து ஊத்து" என்றும் சொல்லிப் போனார். பூவம்மாவும் சேர்த்தே ஊற்றினார். கார்த்திகை முடிவதற்குள் மரம் நுனி இலை ஒன்றைத் தவிர மற்ற இலைகளை ஒவ்வொன்றாக உதிர்த்துவிட்டது.

விஷயம் வெளிப்பட்ட அன்று டோரதி அம்மாள் அவரைக் கூப்பிட்டு விட்டார். "கருவாட்டுத் தண்ணி மேன்! அவ்வளவு உப்பு! உன் நாக்குக்குத் தெரியலே?" சின்னப்பையன் மண்ணை ஒரு கைப்பிடி அள்ளி வாயில் போட்டு மென்றார். மறுபடி மென்றார். பிறகு தோள் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அன்று சாயங்காலம் அவர் மனைவி கெங்கம்மா என் வீட்டு வாசலில் நின்றார். "கொழம்புல உப்பே இல்லன்றாரு சார். நான் வாயில வெக்க முடியல, அம்மாம் கரிப்பு. வாயத் தொறந்து காட்டச் சொன்னா அடிக்க வராரு."

நான் அவரை ஜட்கா வண்டியில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் சொல்லி நாக்கை நீட்டியபோதுதான் நானும் பார்த்தேன். ஓரத்தில் வெள்ளையாகத் தடித்து, நடுவில் வெடித்துக் கிடந்தது புண். பாதி நாக்கை எடுத்தால் பிழைக்க வழியுண்டு, தள்ளிப்போட்டால் கழுத்துக்கு இறங்கிவிடும் என்றார் டாக்டர். சின்னப்பையன் எழுந்து நடந்துவிட்டார்.

"நாக்க அறுத்துக்கினு எந்த மரத்தாண்ட போறது?"

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "கிளையை வெட்டும்போது மட்டும் பாவம் பார்க்கக்கூடாது, இல்லையா?"

"மரத்துக்குப் பொயப்பு இல்ல சார். எனுக்குக் கீது."

வீட்டில் கெங்கம்மா காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நீ பேசவும் வாணாம், ருசி பாக்கவும் வாணாம். வூட்ல சும்மா குந்திக்கினு இரு, எனுக்கு அது போதும்." அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு பல நாள் எங்கள் தெருப் பக்கமே வரவில்லை. தினமும் கன்னத்தில் புகையிலை மட்டும் இருந்ததாகக் கேள்விப்பட்டேன். அந்த மனிதர்மேல் எனக்கு அவ்வளவு கோபம், அவ்வளவு பயம்.

நேற்றுக் காலை வந்தார். பின்னால் கெங்கம்மா, தலையில் செம்மண் கூடை. டோரதி அம்மாள் வாசலில் வந்து நின்றார். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. சின்னப்பையன் வராந்தாவில் உட்கார்ந்து மரத்தை முன்னால் இழுத்தார். நுனியில் எஞ்சியிருந்த ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தார், தேய்த்தார், முகர்ந்தார். மண்ணில் சிட்டிகை எடுத்தார். கை பழக்கத்தில் வாய்வரை போய் நின்றுவிட்டது. அன்று கன்னம் காலியாக இருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

"இங்க வாமே. திங்கக்கெயம ஆஸ்பத்திரிக்குப் பூடுவேன். அப்பால நீதான் பாத்து சொல்லணும்."

கெங்கம்மா கூடையை இறக்கிவிட்டு, சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு, வெட்கத்தோடு வாயைத் திறந்தார். சின்னப்பையன் அந்த மண்ணை மனைவியின் நாக்கில் வைத்து, விரலை வேட்டியில் துடைக்காமல் அப்படியே நீட்டிக்கொண்டு, அந்த முகத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.