இன்ஜின் போனது யாரால்?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து உமாபதிக்கு ஐம்பத்திரண்டு வயது. அதில் முப்பது வருஷம் தறியில் போனது என்பார். பெண்டாட்டி மஹாலட்சுமியைக் கேட்டால், அந்த முப்பது வருஷமும் சித்தப்பா மகன் ஜெயக்குமாரைப் பார்த்து வயிறெரிந்தே போனது என்பாள். பொய்யில்லை. ஒரு காலத்தில் உமாபதி, கரையைத் தனியாகக் கோர்க்கும் கோர்வைப் புடவை நெய்யும்போது பக்கத்தில் எடுபிடியாக உட்கார்ந்து கரை இழைக்கு நாடா தள்ளியவன்தான் ஜெயக்குமார். இன்று அவனுக்கு எட்டுத் தறி, மாடி வீடு. போதாததற்குப் போன தையில் ஒரு வெள்ளைக் கார். காலையில் அதன் உறையை அவன் உருவும் சத்தம் கேட்டாலே எதிர்வீட்டு உமாபதிக்குக் காபி இறங்காது.

அவரும் வாங்கினார். சென்னை ரோட்டுப் பழைய கார் கடையில், இன்ஜினுக்கு மூன்று மாத கேரண்டியோடு. தேவையா என்றால் இல்லைதான்.

ஆறாவது வாரம் கருட சேவை. அன்றைக்குச் சின்ன காஞ்சிபுரம் பக்கம் யாராவது காரைக் கொண்டுபோவார்களா? ஆனால் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் பெருமாள் பார்க்க அங்கேதான் நிற்பார்கள். கார் அவர்கள் கண்ணில் பட வேண்டாமா? கொண்டுபோனார். கூட்டத்தில் மாட்டிக்கொண்டார். வைகாசி வெயிலில் ஏசி ஓட ஒரு மணி நேரம் நின்றதில் சூட்டு முள் ஏறிச் சிவப்பு விளக்கு எரிந்தது. பார்த்தார். அணைக்கச் சாவியில் கை வைத்த நேரம் யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். இறக்கினால் ஜெயக்குமார்.

"அண்ணா, முன்னாடி புகை வந்துக்கினு இருக்குது. ஆஃப் பண்ணுங்கண்ணா."

உமாபதி சாவியை விட்டார். கண்ணாடியை ஏற்றினார். வண்டியை உருட்டினார். அந்தத் தெரு முனை தாண்டுவதற்குள் இன்ஜின் இறுகி நின்றுவிட்டது.

மெக்கானிக் கிறிஸ்டோபர் பிரித்துப் பார்த்து, ரேடியேட்டர் விரிசலில் பசை வைத்து அடைத்து விற்றிருக்கிறார்கள் என்றார். உமாபதி கடைக்கு ஓடினார்.

"ஓட்டை ரேடியேட்டரை என் தலையில கட்டிட்டியேப்பா."

"விரிசல் இருந்தாக்கூட, ரெட் லைட் எரிஞ்சதும் நிறுத்தியிருந்தா இன்ஜின் போயிருக்காது சார். நீங்க ஓட்டுனதால போச்சு" என்றான் மேனேஜர் மணிவண்ணன்.

"நிறுத்தினேன்பா."

"பார்த்தவங்க யாராவது வந்து எழுதிக் குடுக்கட்டும்."

நான்கு தடவை நடந்தும் இதே பேச்சு. கடைசியில் மஹாலட்சுமி புருஷனிடம் சொல்லாமலே எதிர்வீட்டுக்குப் போய்ச் சாட்சிக்கு வரச் சொல்லிக் கேட்டாள். ஜெயக்குமார் அன்றே வண்டியை எடுத்தான். மஹாலட்சுமியோடு பின்சீட்டில் உட்கார்ந்து போன உமாபதிக்கு முள்மேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது. வண்டி குலுங்கவே இல்லை, சனியன்.

நான்கு தடவையும் உமாபதியை நிற்க வைத்துப் பேசிய மணிவண்ணன், ஜெயக்குமாரைக் கண்டதும் எழுந்து நாற்காலி இழுத்துப் போட்டான். டீ வந்தது.

"நான் பக்கத்துலயே இருந்தேன்பா. லைட்டு எரிஞ்சதும் அண்ணன் நிறுத்திட்டாரு. எங்க கையெழுத்து போடணும்?" என்றான் ஜெயக்குமார், துளியும் தடுமாறாமல்.

"நீங்க சொன்னா சரி சார். வேற இன்ஜின் போட்டுக் குடுத்துடறோம்."

நீங்க சொன்னா சரி சார்! உமாபதி கணக்குப் போட்டுப் பார்த்தார். இனி ஒவ்வொரு தடவை வண்டியைக் கிளப்பும்போதும் இது ஜெயக்குமார் வாங்கிக் கொடுத்த இன்ஜின் என்று மஹாலட்சுமி சொல்வாள். தெருவே சொல்லும். மணிவண்ணன் நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட ஜெயக்குமார் பேனாவைத் திறந்தான்.

"அவன் பொய் சொல்றான்பா" என்றார் உமாபதி. "நான் நிறுத்தல. நிறுத்தத்தான் போனேன். இவன் வந்து நிறுத்துன்னு சொன்னான். அதனாலதான் நிறுத்தல."

மஹாலட்சுமி தலையில் கை வைத்துக்கொண்டாள். மணிவண்ணன் காகிதத்தை இழுத்து மேஜைக்குள் போட்டுப் பூட்டினான்.

"வாங்கண்ணா, வீட்டுக்குப் போலாம்" என்றான் ஜெயக்குமார். குரலில் கோபமே இல்லை. அதுதான் உமாபதிக்குத் தாங்கவில்லை. பஸ்ஸில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு ரோட்டோரம் போய் நின்றார்.

மஹாலட்சுமி அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ஜெயக்குமாரின் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.