கருப்பு வெள்ளைப் பறவையும் ஒரு கிளைத் தேயிலையும்

கஹவத்தை டவுனில் ஒரு ஸ்டூடியோவில் நான் வேலை பார்த்த காலத்தில், முதலாளி என்னைக் கல்யாணங்களுக்குத் தனியாக அனுப்பமாட்டார். பாஸ்போர்ட் படம் எடுப்பதோடு சரி. சர்ச்சில் நடக்கிற வேதக் கல்யாணம் என்றால் மாப்பிள்ளைக்குக் கருப்புக் கோட், பெண்ணுக்கு வெள்ளைச் சேலை. கோட்டுக்காக வெளிச்சத்தைக் கூட்டினால் சேலை சுண்ணாம்பு அடித்த சுவராகிவிடும். சேலைக்காகக் குறைத்தால் மாப்பிள்ளைக்குக் கழுத்துக்குக் கீழே ஒன்றுமே இருக்காது. முதலில் அனுப்பிய இரண்டு தடவையும் எனக்கு இப்படி ஆகி, பெண்வீட்டார் கடைக்கே வந்து சத்தம் போட்டார்கள்.

"வெள்ளையும் கருப்பும் ஒண்ணா தெளிவா தெரியிற மாதிரி ஒரே ஒரு படம் கொண்டா தம்பி. அப்புறம் கல்யாணத்தப் பத்திப் பேசுவோம்," என்றார் முதலாளி.

பழகிப் பார்க்க மாப்பிள்ளை, பெண்ணுக்கு எங்கே போவது? ஒரு நாள் எம்பிலிப்பிட்டிய பஸ்ஸில் போகும்போது, வயல் தண்ணீரில் ஏழெட்டுப் பறவைகள் நிற்பதைப் பார்த்தேன். வெள்ளை உடம்பு, கருப்பு இறக்கை, சிவந்த நெட்டைக் கால். அசல் வேதக் கல்யாணம்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கிளம்பினேன். நாங்கள் குடியிருந்த தேயிலைத் தோட்டத்தை விட்டு வெளியே போனால் நல்ல உடுப்புப் போடுவது எங்கள் வழக்கம். அதனால் வெள்ளைச் சட்டை. கேமராவில் வெளிச்சம் காட்டும் முள்ளைத் தேயிலைப் பச்சையில் வைத்து அளந்தால் தப்பாது என்பது முதலாளி சொல்லித்தந்த பாடம். வயலில் தேயிலை ஏது? எங்கள் லயத்து வீட்டுக்குப் பின்னால் ஒரு கிளையை ஒடித்துப் பையில் அமுக்கிக்கொண்டேன். அங்கே போய் அதை லென்ஸுக்கு முன்னால் பிடித்து, பூசை செய்கிற மாதிரி பக்தியாக அளந்தேன். என் சட்டையைக் கண்டதுமே பறவைகள் எழும்பி வயலின் அடுத்த கோடிக்குப் போய்விட்டன. தூரத்திலிருந்தே எடுத்தேன். கழுவி வந்த படங்களில் வெள்ளை எல்லாம் கரைந்து, கருப்பு இறக்கை மட்டும் தனியாகப் பறந்தது.

என் மனைவி கொழுந்து பறிக்கிறவள். படங்களைப் பார்த்துவிட்டுப் பையையும் திறந்து பார்த்தாள். சிரித்தாள்.

"கொழுந்த அமுக்கி வெயில்ல கொண்டு போனா கருக்காம என்ன செய்யும்? பாக்டரியில அதத்தானே செய்றாங்க. கருத்த எலைய அளந்தா உங்க முள்ளு இருட்டுன்னு நெனச்சு வெளிச்சத்தக் கூட்டத்தானே சொல்லும்? வயல் பூரா பச்சையா கெடக்குதே, அத அளந்தா என்னங்க?"

எனக்குக் கோபம் வந்தது. அவள் சொன்னது சரி என்பதால் வந்த கோபம்.

மறு ஞாயிறு அவளும் வந்தாள். என் சட்டையைக் கழற்றச் சொல்லி, மண் நிறத்தில் ஒரு பழைய பனியனைக் கொடுத்தாள். நான் வரப்போரமாகக் குந்திக்கொண்டு நெற்பயிரில் வெளிச்சத்தை அளந்து வைத்தேன். அவள் கொழுந்து பறிக்கும்போது கட்டுகிற படங்குச் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு, வயலைச் சுற்றி எதிர்ப்பக்கம் போய், குனிந்து வல்லாரை பறித்தபடியே மெல்ல வந்தாள். வயலில் வேலை செய்கிறவர்களுக்கு அந்தப் பறவைகள் பயப்படுவதில்லை. பறக்காமல், அவளுக்கு வழிவிடுகிற மாதிரி ஒவ்வொரு அடியாக நடந்து என் பக்கமே வந்தன. பிலிம் முடியும்வரை எடுத்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு என் கல்யாணத்தன்றுகூட இருந்ததா என்று தெரியவில்லை.

முதலாளி படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "கழுத்துல இருக்கிற இறகையே எண்ணலாம்போல இருக்கே. கருப்புலயும் வரி தெரியுது. வர்ற சனிக்கிழமை சர்ச் கல்யாணத்துக்கு நீயே போ," என்றார்.

ஓட்டமும் நடையுமாகத் தோட்டத்துக்கு வந்தேன். அவள் கொழுந்து நிறுக்கிற வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். கூடையை இறக்காமலே முப்பத்தாறு படங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, பக்கத்தில் நின்ற பெண்களுக்கும் கொடுத்தாள். கல்யாணம் கிடைத்ததைச் சொன்னேன். அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. படங்களைத் திரும்ப வாங்கி அடுக்கும்போதுதான், "அப்ப நான் எங்கங்க?" என்று கேட்டாள்.

நானும் ஒருமுறை புரட்டிப் பார்த்தேன். ஒன்றில்கூட அவள் இல்லை.