மெயினை இறக்கிய கை

அருப்புக்கோட்டைக் கல்லூரி ஒன்றில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்கிறவன் நான். அன்று மதியம் செய்முறைத் தேர்வு. அது நடக்காவிட்டால், பரளச்சியிலிருந்து பஸ் ஏறி வந்த பிள்ளைகளுக்கு ஒரு வருடம் வீண். எனக்கு வேலையே வீண்.

ஒரு கம்ப்யூட்டரில் தேர்வுக்கு வேண்டிய எல்லாவற்றையும் முந்தைய நாளே ஏற்றிவிட்டேன். அதன் டிஸ்க்கை அப்படியே நகலெடுத்து சர்வரில் வைத்து, மற்ற கம்ப்யூட்டர்களுக்கு இறக்கினால் போதும். ஆனால் நகலெடுக்கும்போதெல்லாம் சிவப்பு எழுத்தில் பிழை வந்து நின்றது. சிவப்பைப் பார்த்ததும் மாடு மாதிரி மிரண்டேன். வயரை மாற்றினேன். சர்வருக்குத் திருநீறு பூசினேன். மாரியம்மனுக்குக் கிடா நேர்ந்தேன். பிறகு, செலவை நினைத்து அதைச் சேவலாகக் குறைத்தேன்.

தேர்வு நடத்த வந்த செல்வி மேடம் எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, அதுல என்னதான் எழுதியிருக்கு?"

"பிழைன்னு எழுதியிருக்கு மேடம்."

"அது தெரியுது. கீழே படிங்க."

அப்போதுதான் படித்தேன். கம்ப்யூட்டர் முறையாக அணைக்கப்படவில்லை, அதனால் டிஸ்க்கை நகலெடுக்க முடியாது என்றிருந்தது.

"நேத்து இதை யாருண்ணே அணைச்சது?"

அணைத்தது நான்தான். எங்கள் வீட்டில் விசைத்தறி ஷெட்டு. மெயின் சுவிட்சை இறக்காமல் கதவைப் பூட்டியதாகச் சரித்திரமே இல்லை. லேபையும், கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அப்படித்தான் பூட்டியிருந்தேன்.

"முதல்ல உங்களைத்தான் ஷட்டவுன் பண்ணணும்," என்று சிரித்தபடி, அந்தக் கம்ப்யூட்டரை மறுபடி ஓடவிட்டு முறையாக அணைத்தார். நகல் ஏறியது, இறங்கியது. மணி அடிக்கும்போது எல்லாத் திரைகளும் ஒளிர்ந்தன.

பிரின்சிபாலிடம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. இன்றும் மெயினில் கை வைக்கும்போது அந்தச் சிரிப்பு கேட்கும். திரும்பிப் போய், எல்லாம் அணைந்ததா என்று பார்த்துவிட்டு வருவேன்.