மாவுத் துணிக்குள் இரண்டு தலைகள்

ஸ்டுடியோ அக்காவுக்குக் கூட்டம் என்றால் பயம் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். கூட்டத்தைப் படமெடுத்துத்தான் அவள் பிழைப்பே ஓடுகிறது. ஆனால் கேமரா கையில் இருந்தவரை அவள் முகம் அதற்குப் பின்னால் பத்திரமாக இருந்தது. ட்ரோன் வாங்கிய பிறகு கதை தலைகீழாகிவிட்டது. கேமரா மேலே போய்விடும். கீழே ரிமோட்டைப் பிடித்தபடி, மறைத்துக்கொள்ள ஒன்றுமில்லாத முகத்தோடு அவள் நிற்பாள். நாலு பக்கமும் ஊர் நின்று வேடிக்கை பார்க்கும்.

மொட்டைமாடியில் தனியாக ஓட்டினால் அது சொன்ன பேச்சு கேட்கும். பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் ஒரு பெரியவர் காதருகே வந்து, "இது எவ்ளோ உசரம் போகும்மா?" என்றார். மரியாதைக்காகத் திரும்பிப் பதில் சொன்னாள். அதற்குள் அது மரத்துக்குள் போய்ச் செருகிக்கொண்டது. மைதானமே விழுந்து விழுந்து சிரித்தது. அன்றைக்கு பீரோ மேல் ஏறிய ட்ரோன் பெட்டி அப்புறம் இறங்கவில்லை.

"ஊர்ல இருக்கிறவன் மூஞ்சியெல்லாம் படம் பிடிச்சவ நீ. உன் மூஞ்சிய பத்துப் பேரு பார்த்தா மட்டும் ஏன் உதறுது?" என்று கணவர் கிண்டல் செய்வார். அவளுக்கு அழுகை வரும். அந்த மனுஷருக்கு வாய் மட்டும்தான் நீளம்.

ஒரு மதியம் ஆற்றங்கரைச் சங்கு ஊதியது. மேலே அணையைத் திறந்துவிட்டார்கள், ஆற்றுக்குள் இருப்பவர்கள் கரையேற வேண்டும் என்று அர்த்தம். வறண்டு கிடந்த ஆற்றிலிருந்து மாடு மேய்த்தவர்கள், மணலில் பந்து விளையாடியவர்கள் எல்லாரும் ஏறிவிட்டார்கள். ரொட்டிக்கடைக்காரியின் தம்பி மட்டும் ஏறவில்லை. நாணல் காட்டுக்குள் பாட்டில், தகரம் பொறுக்குவது அவன் வேலை. பிறவியிலேயே அவனுக்குக் காது கேட்காது. சங்கு அவனுக்காக ஊதவில்லை.

ரொட்டிக்கடைக்காரி, மாவு மூடும் துணியைத் தோளில் போட்டபடியே ஸ்டுடியோவுக்கு ஓடி வந்தாள். "அக்கா, அந்தப் பறக்குற கேமராவை எடுங்க. ரெண்டு பேரு உள்ள போய்த் தேடிட்டு வந்துட்டாங்க. நாணல் ஆள் உசரம் நிக்குது. கூப்பிட்டா கேக்குற புள்ளையா அவன்? இனிமே யாரையும் போலீஸ் இறங்க விடலை."

"என்னால ஆகாதும்மா" என்ற சொல் அக்காவின் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு நாற்காலி போட்டுப் பெட்டியை இறக்கினாள்.

கரையில் தண்ணீர் வருவதைப் பார்க்க ஊர் திரண்டிருந்தது. பெட்டியைத் திறந்ததும் கூட்டம் ஆற்றை விட்டுவிட்டு அவளைச் சூழ்ந்துகொண்டது. ஒருவன் தோள் மேலாக எட்டிப் பார்த்தான். இன்னொருவன் போனில் அவளைப் படமெடுத்தான்.  பதற்றத்தில் ட்ரோனின் முகம் தன்னைப் பார்க்கும்படி வைத்துவிட்டாள். அப்படி வைத்தால் இடம் வலமாகும், போவது வருவதாகும். மேலே எழுப்பி ஆற்றுப் பக்கம் தள்ளினாள். அது கூட்டத்தின் தலைக்கு மேல் சீறி வந்தது. எல்லாரும் அலறிக் குனிந்தார்கள்.

"யாராச்சும் தெரிஞ்சவங்க வாங்கி ஓட்டுங்கப்பா!" என்று கூட்டத்திலிருந்து ஒருவர் கத்தினார்.

"என்கிட்ட குடுங்கக்கா" என்று செல்போன் கடைக்காரன் கையை நீட்டினான். கொடுத்துவிடலாம் என்றுதான் அவளுக்கும் இருந்தது. அப்போது ரொட்டிக்கடைக்காரி அந்த மாவுத் துணியை உதறி, அக்காவின் தலையோடு தன் தலையையும் சேர்த்து மூடினாள்.

"யாரும் இல்லக்கா. நீங்களும் நானும்தான். என் தம்பியக் காட்டுங்க."

புளித்த மாவு வாடையும் மூச்சுச் சூடுமாக உள்ளே ஒரு சின்ன அறை உண்டாயிற்று. வெளிச்சம் மறைந்ததில் திரை பளிச்சென்று தெரிந்தது. அக்கா ட்ரோனைத் திருப்பி ஆற்றுக்குள் விட்டாள். நாணல், மணல், மறுபடி நாணல். எவ்வளவு நேரம் போனதோ தெரியவில்லை. ரொட்டிக்கடைக்காரியின் நகம் அவள் கையில் பதிந்தது.

"அதோ! அந்தச் சிவப்பு அவன் சட்டை!"

ஆற்றின் நடுத்திட்டில் சாவகாசமாக உட்கார்ந்து அவன் பாட்டில் மூடிகளைப் பிரித்துக்கொண்டிருந்தான். கண்டாயிற்று, எப்படிச் சொல்வது? அக்கா ட்ரோனை அவன் முகத்துக்கு நேரே இறக்கினாள். திடுக்கிட்டு எழுந்தவன், மெல்லப் பல்லைக் காட்டினான். கையை நீட்டிக்கொண்டு ஓரடி வந்தான். வேடிக்கை பார்க்கிற ஆசை இவனையும் விடவில்லை. அந்த ஆசையை எத்தனை நாள் சபித்திருப்பாள்! இப்போது அது கைகொடுத்தால் போதும் என்றிருந்தது. ட்ரோனைச் சற்றுப் பின்னால் இழுத்தாள். அவன் பின்தொடர்ந்தான்.

ஆனால் திரையில் அவன் சிரித்த முகம் மட்டுமே தெரிந்தது. ட்ரோனின் முதுகுப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. நாணலில் மாட்டினால் எல்லாம் முடிந்தது. கண்ணால் பார்த்துத்தான் இழுக்க வேண்டும். அக்கா ஒரு மூச்சு இழுத்துத் துணியை விலக்கினாள்.

வெயிலும் ஊரும் சேர்ந்து முகத்தில் அறைந்தன. யாரோ என்னவோ கேட்டார்கள். அவள் திரும்பவில்லை. தூரத்துப் புள்ளியையே பார்த்து இழுத்தாள்.

"நின்னுட்டான்க்கா!" திரையைப் பார்த்துக்கொண்டிருந்த ரொட்டிக்கடைக்காரி கத்தினாள். "பாட்டில் மூட்டைய எடுக்கத் திரும்புறான். அத விட்டுட்டு வர மாட்டான் பாவி!"

மேற்கே ஆற்று வளைவில் தண்ணீர் இரைச்சல் கேட்க ஆரம்பித்தது.  அக்கா ட்ரோனை அவனைச் சுற்றி முன்னால் கொண்டுவந்து, வேண்டுமென்றே தள்ளாட விட்டாள். இப்படிச் சாய்ந்து, அப்படிச் சாய்ந்து, இதோ விழப்போகிறேன் என்பதுபோல் அது கரைப் பக்கம் நகர்ந்தது. விழுவதைப் பிடிக்காமல் எவனால் நிற்க முடியும்? மூட்டையைப் போட்டுவிட்டு அவன் ஓடி வந்தான்.

நாணல் பிளந்து சிவப்புச் சட்டை வெளியே வந்ததும் கூட்டம் போனைத் தூக்கிக்கொண்டு கரைச் சரிவை அடைத்தது. அவன் ஏற வேண்டிய பாதையே அதுதான்.

"வழி விடுங்க!"

இப்படியொரு குரல் தன்னிடம் இருப்பது அக்காவுக்கே தெரியாது. "பார்த்தது போதும்! எல்லாரும் பின்னால போங்க!"

போலீஸ்காரர் உட்பட அத்தனை பேரும் பின்வாங்கினார்கள். ட்ரோன் சரிவில் தவழ்ந்து ஏறியது. அதைத் தொட்டுவிடப் போகிறவன்போல் அவனும் ஏறினான். மேலே வந்ததும் அவள் அதை எட்டாத உயரத்துக்குத் தூக்கிவிட்டாள். அவன் குதித்துக் குதித்துச் சிரித்தான். ரொட்டிக்கடைக்காரி ஓடிப்போய் அவன் முதுகில் ஓங்கி அறைந்தாள். பிறகு கட்டிக்கொண்டு கதறினாள். ஏன் அடி, ஏன் அழுகை என்று அவனுக்குப் புரியவில்லை. எல்லாரும் தன் தலைக்கு மேலாகப் பார்ப்பதைக் கண்டு திரும்பினான்.

அவன் உட்கார்ந்திருந்த திட்டு இல்லை. நாணல் இல்லை. பழுப்புத் தண்ணீர் கரைக்குக் கரை ஓடிக்கொண்டிருந்தது.

அவன் சிரிப்பு நின்றது. அப்படியே தரையில் உட்கார்ந்தான். ஸ்டுடியோ அக்கா ட்ரோனைப் புல்லில் இறக்கிவிட்டு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவன் கையைப் பிடித்துக்கொண்டு, ஊரே பார்க்க வாய்விட்டு அழுதாள்.